வீட்டிலேயே ஆஃப்ரோடு வண்டியைத் தயார் செய்வதும், அனுமதி உள்ள பாதைகளைக் கண்டுபிடிப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஆஃப்ரோடு வண்டியில் கை வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் லிஃப்ட் கிட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். வண்டி இரண்டு அங்குலம் உயரும், பெரிய டயர் போட்டால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் சட்டப்படி ஓட்டக்கூடிய பாதைகளைத் தேடுங்கள். அங்கே இருப்பது மணலா, சேறா, பாறையா, ஓடையா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பாதை கேட்பதை மட்டும் வண்டியில் செய்யுங்கள். இப்படிப் போனால் பலருக்கும் லிஃப்ட் கிட்டே தேவைப்படாது. நல்ல டயர், உறுதியான கொக்கி, காற்றடிக்க ஒரு கம்ப்ரசர், இவையே போதும்.

படி 1: பாதையைக் கண்டுபிடியுங்கள்

தரையில் டயர் தடம் தெரிகிறது என்பதாலேயே அங்கே ஓட்டலாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பாதைக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நிலம் யாருடையது? உங்கள் வகை வண்டிக்கு அங்கே அனுமதி உண்டா? இந்த மாதத்தில் பாதை திறந்திருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் கிளம்ப வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுகிறது. அமெரிக்காவின் தேசிய வனங்களில் 2005ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு, வனத்துறை வெளியிடும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தில் உள்ள பாதைகளில் மட்டுமே ஓட்டலாம். எந்த வகை வண்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் அதிலேயே இருக்கும். வரைபடத்தில் இல்லாத பாதையில் 'நுழையாதே' பலகை இல்லாவிட்டாலும் அது மூடப்பட்டதாகத்தான் பொருள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'எல்லாப் போக்குவரத்துக்கும் திறந்த வழி' என்ற வகையில் உள்ள மண்பாதைகளில் மோட்டார் வண்டி ஓட்டலாம். ஆனால் வண்டிக்குப் பதிவு, காப்பீடு எல்லாம் தார்ச்சாலையில் வேண்டியது போலவே வேண்டும். பக்கத்திலேயே ஓடும் குதிரைப் பாதையிலும் நடைபாதையிலும் ஓட்டக்கூடாது. ஐஸ்லாந்தில் பாதையை விட்டு இறங்கி ஓட்டுவதே சட்டவிரோதம், ஏனென்றால் அங்குள்ள பாசி ஒருமுறை கிழிந்தால் ஆற மிக நீண்ட காலம் ஆகும். இந்தியாவில் சரணாலயங்களுக்குள்ளும் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் நுழைவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

தேடும் வேலையை இப்படிச் செய்யலாம். செயற்கைக்கோள் படத்தில் பாதையைப் பார்த்து, அதே இடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் திறந்து பாருங்கள். அதில் மண்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் கொடுத்திருப்பார்கள். 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் இளகிய மண். இந்த எண் தரையின் உறுதியைத்தான் சொல்கிறது, அனுமதியைச் சொல்லவில்லை. அனுமதிக்குத் தனிக் குறிப்பு உண்டு. அதை எழுதுபவர்களும் தன்னார்வலர்கள்தான் என்பதால், அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ தன் பயணத்தடத்தைப் பதிவுசெய்து பகிர்ந்த ஜிபிஎக்ஸ் கோப்பும் அப்படியே. முன்பு ஒருவர் போனார் என்பதற்கு அது சாட்சி, போகலாம் என்பதற்கு அல்ல.

நிலம் எந்தத் துறையுடையது என்று தெரிந்ததும் அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். போனில் கேட்டாலும், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். எத்தனை வண்டி, எந்த நாள், எந்த வாயில் வழியாக என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். உள்ளூர் ஆஃப்ரோடு குழுக்களுக்கு இந்த விஷயங்களில் நல்ல பழக்கம் இருக்கும். எந்தப் பாதை போன மழையில் அரித்துப்போனது என்பது வரைபடத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கட்டணம் செலுத்தி நுழையும் தனியார் ஆஃப்ரோடு பூங்கா. அங்கே அனுமதிக் குழப்பம் இல்லை, மாட்டிக்கொண்டால் இழுக்க ஆள் இருக்கிறது, வண்டியின் எல்லையை பயமில்லாமல் தெரிந்துகொள்ளலாம். போவதற்கு முன் உங்கள் காப்பீடு சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்துக்குப் பொருந்துமா என்று நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மழைக்காலத்தில் பாதை மூடப்படுவதைப் பலர் கெடுபிடியாக நினைக்கிறார்கள். நனைந்த மண்பாதையில் சக்கரம் ஆழமாகத் தடம் போடும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணை அரிக்கும். அடுத்து வருபவர் அந்தப் பள்ளத்துக்குப் பயந்து பக்கத்துப் புல்லில் ஏறி ஓட்டுவார். இப்படி ஒற்றைப் பாதை மூன்று பாதையாக அகலும்போதுதான் துறைகள் அதை நிரந்தரமாக மூடுகின்றன. குட்டை தேங்கியிருந்தால் அதைச் சுற்றிப் போகாமல், ஆழம் பார்த்து நடுவிலேயே போவதுதான் முறை.

படி 2: மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள்

பாதைக்கு ஒரு சட்டம் என்றால் வண்டிக்கு இன்னொரு சட்டம். அந்தப் பாதைக்கு நீங்கள் பொதுச்சாலை வழியாகத்தான் போகப்போகிறீர்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஜெர்மனியில் பல மாற்றங்களைப் பரிசோதகரிடம் காட்டி ஆவணத்தில் ஏற்ற வேண்டும். லிஃப்ட் உயரம், மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர், கூடுதல் விளக்கு, இரும்பு பம்பர் இந்த நான்கில்தான் எங்கும் சிக்கல் வரும். வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் படியுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 3: இருப்பதைச் சரி செய்யுங்கள்

புதுப் பொருள் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை ஆடுகிறதா, ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, பிரேக் ஹோஸில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டோடு பெரிய டயர் போட்டால் அது இன்னும் சீக்கிரம் கழன்றுபோகும்.

வீட்டில் வேலை செய்ய ஒரு நல்ல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்கும் கருவி), தரை ஜாக், வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக் ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, துருவை இளக்கும் எண்ணெய், உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல் ஆகியவை வேண்டும். சமமான கான்கிரீட் தரையில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நொடிகூடப் போகாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசையும் என்றால் அது உங்கள் மேல் விழுவதைவிட நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

படி 4: இழுத்து எடுக்கும் கொக்கி

முதல் செலவு இதில்தான் இருக்க வேண்டும். நிறைய வண்டிகளில் அடியில் தெரியும் வளையம், கப்பலிலோ லாரியிலோ வண்டியைக் கட்டி ஏற்றுவதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசையை அது தாங்காது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தும், தாங்குதிறன் எண் பொறித்த கொக்கியை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வையுங்கள். கொக்கியோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துங்கள்.

டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் இழுவைப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது நிதானமாக இழுப்பதற்குச் செய்தது. இழுபடும்போது பட்டை நீண்டு ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். உருண்டை உடைந்தால் அந்த ஆற்றல் முழுவதும் அதன் மேல் பாய்ந்து, அது குண்டுபோல வண்டியின் கண்ணாடிக்குள் வரும். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

பட்டையின் முறிவுத் திறன் வண்டியின் மொத்த எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். எடை என்றால் காலி வண்டியின் எடை அல்ல, ஆட்களும் சாமானும் சேர்ந்தது. நீளும் பட்டை வண்டியால் இழுப்பதற்கு, நீளாத கயிறு வின்ச்சுக்கு, அதாவது கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் உருளைக்கு. இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. வின்ச் வாங்கினால் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். அதில் எழுதியிருக்கும் திறன் உருளையின் முதல் சுற்றுக்குத்தான் பொருந்தும். மேலே சுற்றுகள் ஏற ஏற இழுவை குறையும். அதனால் கயிற்றை நிறைய வெளியே விட்டு இழுப்பது நல்லது. எடுத்த எடுப்பில் இழுக்காமல், டயருக்கு முன்னால் மண்வெட்டியால் தோண்டி, காற்றைக் குறைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே வண்டி வெளியே வந்துவிடும்.

படி 5: டயரும் காற்றும்

பணத்துக்கு அதிகப் பலன் தருவது டயர்தான். ஆல் டெரெய்ன் வகை பெரும்பாலானவர்களுக்குப் போதும். மட் டெரெய்ன் சேற்றில் அருமையாக இருக்கும், ஆனால் தார்ச்சாலையில் சத்தம் போடும், ஈரமான ரோட்டில் பிரேக்கிங் தூரம் கூடும். வாரம் முழுவதும் ஆபீஸுக்கு ஓட்டும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைக் கூட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 265/70 ஆர்17 டயரின் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம்) விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 என்றால் சுமார் 831. வித்தியாசம் 28 மில்லிமீட்டர். ஆனால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர்தான், ஏனென்றால் மையத்திலிருந்து கீழே இருக்கும் பங்குதான் தரையிடைவெளியைக் கூட்டும். அதே நேரம் ஸ்பீடாமீட்டர் 3.5 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 100இல் நிற்கும்போது உண்மையில் 103க்கு மேல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கியர் விகிதமும் நீளும், பிரேக்குக்கும் வேலை கூடும். புது டயரை மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்தி, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

காற்றைக் குறைப்பது காசில்லாத மாற்றம். குறைத்தால் டயர் தரையில் படும் இடம் முக்கியமாக நீளவாக்கில் கூடுகிறது. பிடிப்பு கூடும், பாதையும் குறைவாகச் சிதையும். சுமார் இரண்டு டன் எடையுள்ள வண்டிக்கு, கெட்டியான மண்பாதையில் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பாறையிலும் சேற்றிலும் 18 முதல் 22, இளகிய மணலில் 15 முதல் 18 என்று ஆரம்பியுங்கள். சாதாரண ரிம்மில் 12க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். குறைந்த காற்றில் வேகமும் குறைவாகவே இருக்க வேண்டும். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப அடித்துவிடுங்கள், இல்லையென்றால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். அதனால்தான் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள் என்கிறேன்.

படி 6: அடிப்பாதுகாப்பு

பாறை உள்ள பாதை என்றால் இன்ஜின் ஆயில் பான், கியர்பாக்ஸ், எரிபொருள் டேங்க் இவற்றுக்கு அடியில் ஸ்கிட் பிளேட் என்ற பாதுகாப்புத் தகடு போடுங்கள். கதவுக்குக் கீழே சேஸிஸில் பொருத்தும், பாறை அடியைத் தாங்கும் ராக் ஸ்லைடர் நல்லது. கால் வைத்து ஏறும் அலங்காரப் படி அந்த வேலைக்கு ஆகாது. மணல் பாதைக்கு மட்டும் போகிறவர்கள் இந்தப் படி 6 முழுவதையும் விட்டுவிடலாம். ஒவ்வொரு இரும்புத் தகடும் எடைதான்.

படி 7: லிஃப்ட்

பாதை உண்மையிலேயே கேட்டால் மட்டும் இதற்கு வாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை வீட்டில் செய்யலாம். அதற்கு மேல் போனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கேட்கும். காயில் ஸ்பிரிங் உள்ள திட ஆக்சிலில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில்) அதைச் சேஸிஸோடு இணைக்கும் குறுக்குத் தண்டு ஆக்சிலையே ஒரு பக்கம் தள்ளும். முன் சக்கரத்தின் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும். தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் சிவி ஜாயிண்ட் எப்போதும் வளைந்தே ஓடிச் சீக்கிரம் தேயும். இதோடு ஈர்ப்பு மையம் உயர்வதால், சாய்வான பாதையில் வண்டி முன்பைவிடச் சீக்கிரம் கவிழும்.

ஸ்பிரிங்கை வண்டியில் நிரந்தரமாக இருக்கும் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலி வண்டியில் அதிக எடைக்கான ஸ்பிரிங் போட்டால் கல்லில் குதித்துக் குதித்துப் போகும். ஷாக் அப்சார்பரும் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும்.

வேலை வரிசை இது. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்திலும் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இரு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றி, சேஸிஸைத் தாங்கவைத்து, ஆக்சிலை ஜாக்கில் தாங்கிப் பிடியுங்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் பார்த்து, ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். ஸ்பிரிங் தளர்ந்ததும் எடுத்துவிடலாம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகையில் ஸ்பிரிங் அழுத்திய நிலையிலேயே இருக்கும். அதைத் தரமான ஸ்பிரிங் அழுத்தும் கருவி இல்லாமல் பிரிக்காதீர்கள். பட்டை ஸ்பிரிங் என்றால் அதை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாக மாற்றுங்கள், பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். சஸ்பென்ஷன் ஆர்மின் மூட்டில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கி நிற்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. புஷ்ஷின் உள் இரும்புக் குழாயை போல்ட் பிடித்துக்கொள்கிறது, வெளிக்குழாய் ஆர்மோடு திரும்புகிறது, நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்குண்டு வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கியே நிற்கும், சில மாதங்களில் கிழியும், வண்டியும் விறைப்பாக ஓடும். அதனால் கையால் மட்டும் முடுக்கி வைத்து, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டு, அப்புறம் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள்.

முடிந்ததும் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, ஒரு பக்கம் முழுவதும் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் அன்றே செய்யுங்கள். ஹெட்லைட்டை இறக்கிச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். வீல் நட்டை 50 முதல் 100 கிலோமீட்டரில் மறுபடி டார்க் பாருங்கள்.

சேஸிஸில் வெல்டிங், கியர் விகித மாற்றம், ஸ்டியரிங் பாகங்களை வளைப்பது, இவை வீட்டு வேலை அல்ல. பயிற்சி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 8: தண்ணீர்

ஆக்சிலின் நடுவில் சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஒரு சிறிய மூச்சுக்குழாய் உண்டு. பல வண்டிகளில் அது ஆக்சிலுக்கு மேலேயே முடிந்துவிடும். நெடுந்தூரம் ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரே உள்ளே போகும். ஒரு ரப்பர் குழாயை இணைத்து இன்ஜின் அறையின் உச்சி வரை கொண்டுபோய்க் கட்டினால் தீர்ந்தது. இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்னார்க்கெல் குழாய்க்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்னார்க்கெல் இன்ஜினைத்தான் காப்பாற்றும்.

ஓடையை முதலில் நடந்து கடந்து பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியும் இறங்கக்கூடாது. நடுவில் இன்ஜின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

படி 9: மின்சாரம்

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 120 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். அதற்கு ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் சுவிட்ச்), 15 ஆம்பியர் ஃபியூஸும், அந்த ஃபியூஸைவிட அதிகம் தாங்கும் ஒயரும் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பாற்றுவது ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் நெருப்பை நிறுத்த எதுவும் இல்லை. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். கூடுதல் விளக்குகளைப் பொதுச்சாலையில் அணைத்தே வையுங்கள்.

படி 10: முதல் பயணம்

தனியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வையுங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வழியில் உள்ள வாயிலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். திறந்திருந்தால் திறந்து, மூடியிருந்தால் மூடி.

திரும்பியதும் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். சேற்றோடு ஒட்டி வரும் களை விதைகள் அடுத்த காட்டில் முளைக்கும். தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால்போல வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகளை இன்னொரு முறை டார்க் பாருங்கள். வழியில் விழுந்த மரமோ அரித்துப்போன கரையோ உடைந்த வாயிலோ கண்ணில் பட்டிருந்தால், இடக்குறிப்போடும் படத்தோடும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அன்றே எழுதி அனுப்புங்கள்.